நாலாவது அடி

"மூண்டு அடி விழுந்திட்டுது. நாலாவதும் விழாமல் விடமாட்டன்" என்றது சுவருக்கு அப்பால் ஓர் ஆண்குரல்.

"என்னால ஏலாதப்பா, விடுங்கோ" என்று கெஞ்சினாள் அவன் மனைவி.

அந்தச் சோடி பிளேஸ்டோவில் தவமலரின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பொலிசை அழைக்கப் போனைக் கையில் எடுத்துக்கொண்டே தவமலர் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவன் தலையில் தலைப்பாகை. பின்னால் மனைவி, ஒட்டுமீசையும் பேனாவுமாக நின்றாள்.

"நாடகம் அக்கா. நூற்றிமுப்பது வருசத்துக்கு முந்தின காலேஜ் பெடியளாய் நடிக்கிறம். அவையள் போட்டிக்கு எழுதுற வெண்பா இது. மூண்டு அடி எழுதியாச்சு" என்று சிரித்தான்.

தவமலர் சிரிக்கவில்லை. "இன்னொருக்கால் இப்பிடிக் கேட்டாலும் வந்து தட்டுவன், தம்பி."

"எங்களில நம்பிக்கையில்லையோ அக்கா?"

"அதுக்கில்லை. என்ர வீட்டில அடி விழேக்கை ஒருத்தரும் வந்து கதவைத் தட்டேல்லை."