சோமாவதி சொன்ன பதில்

"உன் பொண்டாட்டி இன்னிக்கு வூட்டை விட்டு வெளியே வரக் கூடாது."

காலையிலேயே தன் பண்ணையாள் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் காசிநாதன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவும் சிலோனும் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வந்த சிலோன் பிரமுகர் ஒருவர், பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரயிலுக்குப் போகும் வழியில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரைமணி நேரம் இறங்குகிறார். வரவேற்புக் கமிட்டிக்குத் தலைவர் காசிநாதன்.

கொளஞ்சியப்பன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன இடத்தில் சோமாவதி என்ற சிங்களப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, போன வருஷம்தான் ஊர் திரும்பியிருந்தான்.

விருந்தாளி இங்கிலீஷில் பேச, ஹெட்மாஸ்டர் தமிழில் சொன்னார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. கடைசியில் அந்த ஹெட்மாஸ்டரே, உங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி இங்கே வாழ்கிறாள் என்று வாயை விட்டார். பார்த்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார் விருந்தாளி.

கொளஞ்சியப்பன் சோமாவதியை அழைத்து வந்தான். அவர் சிங்களத்தில் கேட்டார். அவளும் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காசிநாதனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் எதைச் சொல்லி அழுகிறாள் என்று தெரிந்தது.

போன சித்திரையில் அவள் குழந்தைக்கு ஜன்னி கண்டிருந்தது. கொளஞ்சியப்பன் வந்து வண்டி கேட்டு அழுதான். மாடும் வண்டியும் சும்மாதான் நின்றன. எந்த நாட்டுக்காரியோ பெற்ற பிள்ளைக்கு என் வண்டியா என்று திருப்பி அனுப்பிவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினான். அரியலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் தோளிலேயே குழந்தை அடங்கிப்போயிற்று.

சோமாவதி சொல்லி முடித்ததும் விருந்தாளி எழுந்து நேரே காசிநாதனிடம் வந்தார். அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

காசிநாதன் கொளஞ்சியப்பனைத் தனியே அழைத்தார்.

"என்னடா சொன்னா?"

"நீங்களே வண்டி கட்டி, கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கன்னு சொன்னாய்யா. புள்ளைக்கு ஆயுசு அவ்வளவுதான்னு சொல்லிட்டா."



"எதுக்குடா அப்படிச் சொல்லணும்?"

கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"என் தம்பி குடும்பம் இன்னும் அங்க தோட்டத்துலதான் இருக்குங்க. ஒரு சிங்களத்தி புள்ளையை இங்க சாக விட்டாங்கன்னு அங்க தெரிஞ்சா, தம்பி புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாங்கன்னு கேக்குறா."