விற்காத இசைத்தட்டு

அந்த வாரத்தில் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளரின் வீட்டு போன் அடித்தது அதுதான் முதல் தடவை. அவர் ஓடிவந்து எடுத்தார்.

"சார், நம்ம இசைத்தட்டுக் கம்பெனிக்கு அறுபது வயசு! நாம போட்ட ஜாஸ் ஆல்பங்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்றாள் ஆபீஸ் பெண்.

அவர் யோசிக்கவே இல்லை. "அந்த பியானோக் கச்சேரி. அரங்கத்துலயே பதிவு பண்ணினது."

"ஐயோ, அது விற்கவே இல்லையே சார்! மூணாவது பாட்டுல யாரோ ஒரு அம்மா இருமித் தள்ளுவாங்களே!"

"ஆமா. எனக்கு வந்த கோபத்துல ரெண்டு நாள் அவகிட்ட முகங்கொடுத்துப் பேசலை."

"அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் வீட்டுக்காரி. ஜலதோஷத்தோட வராதேன்னேன், கேட்கலை. அவ போய் நாலு வருஷமாச்சு. ஊரார் குரலையெல்லாம் பதிவு பண்ணினேன். அவ குரல்னு என்கிட்ட இருக்கிறது அந்த இருமல் ஒண்ணுதான்மா."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார்... இந்த வருஷம் பழைய தட்டையெல்லாம் புதுசா போடறப்ப அந்த இருமலை எடுத்துட்டோம்."

"பரவாயில்லைம்மா. பழைய தட்டு ஒண்ணு கிடைக்குமா, பாரு. என்னோடது அந்த இடத்துல மட்டும் தேஞ்சு போச்சு."