எழுபத்தெட்டு சதவீதம்

அந்த மேலாண்மைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்க முப்பத்தொரு சதவீத வாய்ப்புதான் இருக்கிறது என்று, சேர்க்கை வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் செயலி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் விவரங்களில் ஏதாவது ஒன்றை மாற்றினால் எண்ணும் மாறும். வேலை அனுபவத்தை ஒரு வருடம் கூட்டிப் பார்த்தேன், முப்பத்துமூன்று ஆனது. ரத்ததான முகாமைச் சேர்த்தேன், அசையவே இல்லை.

இன்று காலை திறந்தால் எழுபத்தெட்டு என்று நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தவள், கடைசியாக மாற்றிய விவரத்தைப் பார்த்தேன்.

'தந்தை: உயிருடன் இல்லை.'

நான் மாற்றவில்லை. கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் அப்பாதான். போர்வெல் லாரி ஓட்டுகிறவர். வேலைக்குக் கிளம்பி, வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதை நீங்களா மாத்துனீங்க?"

"சும்மா பார்த்தேன் கண்ணு. நான் எட்டாவதுதானே, அதனாலதான் குறையுதோன்னு டிகிரின்னு போட்டேன், இறங்கிருச்சு. மேனேஜர் வேலைன்னு போட்டேன், இன்னும் இறங்கிருச்சு. அப்புறம்தான் இதைப் போட்டேன்."

மழை வருமா என்று பேசுகிற குரலில்தான் சொன்னார்.

செருப்பு வாரை இழுத்து மாட்டி நிமிர்ந்தார்.

"அப்ளிகேஷன் போடக் கடைசித் தேதி என்னைக்கு கண்ணு?"

"அது நேத்தே முடிஞ்சுபோச்சுப்பா" என்றேன்.

இன்னும் நாற்பது நாள் இருந்தது.