இலந்தைக்கொட்டாயின் வயது

மோர் வேண்டாம் என்று நான் சொன்னதுமே ஊர்க்காரி நாராயணம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

நல்லதுக்கு வந்தவன் கொடுத்ததை வாங்கிக் குடிப்பான். வேண்டாம் என்பவன் கெடுக்க வந்தவன். சொம்பைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பிப் போன வேகம் அதைத்தான் சொன்னது.

அவளைக் குறை சொல்ல முடியாது. 1954, வைகாசி வெயில். காட்டிலாகா ரேஞ்சரும் அவருடைய காவலர்கள் இரண்டு பேரும் குமாஸ்தாவான நானும் குருபரப்பள்ளியிலிருந்து நான்கு மைல் நடந்து இலந்தைக்கொட்டாய்க்கு வந்திருந்தோம். அந்த ஊர் எப்போது உண்டானது என்று எழுத வேண்டும்.

காட்டுக்கு எல்லைக்கல் போட்டு எழுபது வருஷம் ஆகிறது. ஊர் அதற்கு முந்தியது என்றால் இருபத்திரண்டு குடும்பமும் இங்கேயே இருக்கலாம். பிந்தியது என்றால் மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும்.

ரேஞ்சர் தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள். நானும் லேசுப்பட்டவன் இல்லை.

ஊர்க்கவுண்டர் ஆஞ்சப்பன் கதையை ஒப்பித்தார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காட்டை வெட்டினாராம், நடுவில் கல்லை நட்டாராம், ஊர் உண்டானதாம்.

ருஷ்ய தேசத்துப் பழைய மடங்களிலும் சாமியார்கள் இப்படித்தான் எழுதிவைத்தார்கள் என்று ஒரு மலிவுப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த வருஷம் அரசர் எல்லையில் மரம் வெட்டி ஓர் ஊரைக் கட்டினார், அவ்வளவுதான். எழுதியவர் அந்த மரத்தைப் பார்த்திருக்க மாட்டார். சில சமயம் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்.

இலந்தைக்கொட்டாயில் ஒரு மாமரம்கூட இருபது வயதைத் தாண்டவில்லை. அதை நான் பார்த்துவிட்டேன். ரேஞ்சரும் பார்த்துவிட்டார்.

ஊர்க்கல் நடும்போது அடியில் காசு போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். காசில் வருஷம் இருக்கும். கல்லைப் பெயர்க்கச் சொன்னார் ரேஞ்சர்.

"கல்ல அசைச்சா ஊருக்கு ஆகாதுங்க சாயபு," என்று ஆஞ்சப்பன் என் பக்கம் திரும்பினார். குரலில் பயம் இருந்தது. ஆனால் கொஞ்சம் அளந்து வைத்த பயம். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

காவலர்கள் கடப்பாரை போட்டு நெம்பி, கல்லைச் சாய்த்துப் பிடித்தார்கள். நான் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டேன். செப்புக்காசு ஒன்று கிடைத்தது. கம்பெனி காலத்துக் காசு, 1835.

ரேஞ்சர் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இன்னும் துழாவு, முனீர்."

துழாவினேன். விரலில் என்னவோ உருண்டது.

ராகி. ஒரு சிட்டிகை. நூறு வருஷத்து ராகி மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். இது செக்கச்செவேலென்று இருந்தது. இந்த வருஷத்து அறுப்பு.

எல்லாம் விளங்கிவிட்டது. காசை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். கல்லை நட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. சர்க்காரை ஏமாற்றக் காசு மட்டும் போதும். ஆனால் தானியம் போடாமல் கல் நட்டால் ஊர் விளங்காது. திருட்டுக் கல்லுக்கும் அதைப் போடாமல் இருக்க இவர்களுக்கு மனம் வரவில்லை.

பொய் சொன்ன இடத்திலேயே இந்த ஊர் தழைக்க வேண்டும் என்று உண்மையாக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள், பைத்தியக்காரர்கள். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

குழிக்கு எதிரே நின்று நாராயணம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீசை வேர்வையைத் துடைப்பதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். காய்ந்த தொண்டையில் ராகி லேசில் இறங்கவில்லை.

ரேஞ்சர் என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னார். வெறும் மண். சட்டைப் பையைத் தடவினார். தானே குனிந்து குழியைக் குடைந்து பார்த்தார். பிறகுதான் எழுதச் சொன்னார்.

1835 வாக்கில், எல்லைக்கல்லுக்கு முன்பே உண்டான ஊர் என்று ஒரே வரி எழுதினேன்.

வாயைத் திற என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அன்று எனக்கு ரமலான் பதினேழாவது நோன்பு என்று அவருக்குத் தெரியும்.