மிர்யமின் கல்

ஜெர்மனியின் லைப்சிக்கில் எங்கள் கட்டட வாசலில், நடைபாதையோடு சேர்த்து, பித்தளைத் தகடு போர்த்திய மூன்று நினைவுக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து 1942இல் நாஜிகளால் ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்ட யூதக் குடும்பத்தின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. அப்பா, அம்மா, ஆறு வயது மிர்யம். யூதர்களின் வீடுகளும் கோவில்களும் நொறுக்கப்பட்ட இரவின் நினைவாக, வருடா வருடம் நவம்பர் ஒன்பதாம் தேதி நான்தான் அவற்றைத் தேய்த்து, மெழுகுவத்தி வைப்பேன்.

இந்த முறை இரண்டு கற்கள் கறுத்துக் கிடந்தன. மிர்யமின் கல் மட்டும் பளபளத்தது.

நடைபாதைக்கு வந்த கீழ்வீட்டுப் பெரியவர் லூட்கேயிடம் கேட்டேன். "நீங்க தேய்ச்சீங்களா?"

"குனிஞ்சா நிமிர முடியாத ஆளைப் பார்த்துக் கேக்குறீங்க பாருங்க," என்றார். "மிதிக்க மிதிக்கப் பித்தளை மினுங்கும். யாரோ அது மேலயே நடக்குறாங்க."

"அது மேல மட்டுமா?"

அவர் எனக்குப் பின்னால், திறந்திருந்த கட்டடக் கதவு வழியே படிக்கட்டைப் பார்த்தார்.

எங்கள் மரப்படிகளின் விளிம்பில் பித்தளைப் பட்டை உண்டு. அதை யாரும் துடைப்பதில்லை. இன்று ஒவ்வொரு படியிலும், கைப்பிடி ஓரமாக, என் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அது மின்னியது. பார்த்துக்கொண்டே ஏறினேன். எங்கள் கதவோடு மினுக்கம் நின்றுவிட்டது. நான்காம் மாடிக்குப் போகும் படிகள் கறுப்பாகவே இருந்தன.

கதவைத் திறந்து வாசற்படிப் பட்டையைப் பார்த்தேன். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம்தான் அதிகமாகப் பளபளத்தது.