செவ்வந்திக்கல் மோதிரம்

"கண்ணு ரெண்டும் மிளகாப்பழமாச் செவந்து கெடக்கு. நேத்தும் போட்டீகளாக்கும்?" என்றார் நகைக்கடைக்காரர் ஜெயபாண்டி.

வெங்கடேஷ்பாபு கண்களைக் கசக்கிக்கொண்டான். விடிய விடிய விழித்திருந்த கண்கள் அவை. பக்கத்தில் அவன் மனைவி ஸ்வப்னா துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்லாபுரத்திலிருந்து பைக்கில் தெற்காவணி மூல வீதிக்கு வந்து, இருவரும் இப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். "குடிய நிறுத்துமாமே, அந்த ஊதாக் கல்லுல ஒரு மோதிரம் வேணும்ணே" என்று ஸ்வப்னா கேட்டதுமே ஜெயபாண்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மேசைமேல் இருந்த பாறைத் துண்டை அவர் திருப்பிக் காட்டினார். வெளியே ரோட்டோரக் கல் மாதிரி சொரசொரப்பு. உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் பளிங்குப் பற்கள் நெருக்கியடித்து மின்னின.

"செவ்வந்திக்கல்லு. அந்தக் காலத்துல கிரேக்க தேசத்துல இதுல கிண்ணம் குடைஞ்சு குடிப்பாகளாம். எம்புட்டு உள்ள போனாலும் போதை ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை. ஆனா தம்பி, கல்லு வேலை செய்யுதோ இல்லையோ, மனசு வேலை செய்யணும்."

"சரிண்ணே."

அழகான கல் என்று வெங்கடேஷ்பாபுவுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. கொஞ்ச காலமாகவே அவனுக்குள் எதுவும் அசைவதில்லை.

"பிள்ளைக எத்தன?"

"ஒண்ணு இருந்துச்சு" என்றாள் ஸ்வப்னா.

ஜெயபாண்டி கல்லைக் கீழே வைத்தார். குரல் தணிந்தது, கோபம் தணியவில்லை. "அந்தத் துக்கத்துல குடிக்கிறீகளா? பெத்தவளுக்கு இல்லாத துக்கமா தம்பி? இந்தத் தங்கச்சி தாங்கிக்கிட்டு உக்காந்திருக்கால்ல?"

அது அவன் காதில் விழுந்தது. வலிக்கவில்லை.

ஸ்வப்னா சட்டென்று நிமிர்ந்தாள். வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் அவனிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினான்.

"இனிமே நடக்காதுண்ணே. மோதிரம் செஞ்சு குடுங்க."

"ஆள்காட்டி விரல்ல போடுங்க. பாட்டில எடுக்கப் போகையில மொதல்ல அதுதான் கண்ணுல படணும்" என்று சொல்லிக்கொண்டே ஜெயபாண்டி அளவு பார்க்கும் வளையக் கொத்தை எடுத்தார். "வலது கைய நீட்டுங்க தம்பி."

வெங்கடேஷ்பாபு தயங்காமல் நீட்டினான்.

அந்தக் கையை ஸ்வப்னா மெல்லத் தள்ளிவிட்டு, கண்ணாடி மேசைமேல் தன் கையை வைத்தாள்.

"எனக்கு எடுங்கண்ணே. குடிக்கிறது நான்தான்."