கோப்பைக்குள் ஐஸ்குச்சி

“மறுபடியும் மைக்ரோவேவைத் தொட்டியா?”

“நான் ஏன்க்கா தொடணும்? பிளக்கைப் பிடுங்கிப் போட்டதே நீங்கதானே!”

மூத்த மருமகளும் இளைய மருமகளும் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. காதைப் பொத்திக்கொள்ள நாம் என்ன முனிவர்களா?

சண்டை மாமனாரின் கோப்பையைப் பற்றியது. அவர் தினமும் காலையில் மைக்ரோவேவில்தான் வெந்நீர் வைப்பார். ஒருமுறை, அசையாமல் கிடந்த தண்ணீர் வெளியே எடுத்ததும் குபீரென்று பொங்கி அவர் முகத்தைப் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து கோப்பைக்குள் ஓர் ஐஸ்குச்சியைப் போட்டுத்தான் சூடாக்குவார். குச்சி கிடந்தால் அப்படிப் பொங்காதாம்.

மனுஷன் போய்ச் சேர்ந்தார். ஆனால் பிளக் இல்லாத அந்தப் பெட்டிக்குள் தினமும் காலையில் அவருடைய கோப்பை இருந்தது, குச்சியோடு, ஆவி பறக்க.

“என்னைப் பயமுறுத்தி வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறே. கிளம்புடி!” என்றாள் மூத்தவள். அவள் புருஷன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான். இளையவள் தன் புருஷனோடு தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மூத்தவள் ஜெயித்த மிடுக்கோடு பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு கோப்பைகள் இருந்தன. இரண்டிலும் குச்சி, இரண்டிலும் ஆவி. ஒன்று மாமனாருடையது. இன்னொன்று அவள் புருஷனுடையது.

“என்னங்க, கொஞ்சம் வாங்களேன்!”

காக்காய்க்கு முன்னால் எழுகிற மனுஷன், அன்று எழுந்து வரவேயில்லை.

இப்போது மூத்தவள் தன் கூடப்பிறந்த தங்கை வீட்டோடு போய்விட்டாள். கிளம்பும்போது தன் கோப்பையைச் சுக்குநூறாக உடைத்துவிட்டுத்தான் போனாள். அங்கே தண்ணீரைக்கூடக் கையில் ஏந்தித்தான் குடிக்கிறாளாம்.